ஜோடியா வாங்க, சமைப்போம்: ஏனம் விற்கும் வீட்டு விருந்து பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் என் வீட்டு அடுக்களையை வைத்தே ஆறு வருஷமாக ஏனம், அதாவது சமையல் பாத்திரம், விற்கிறேன். கடை கிடையாது. நாலைந்து ஜோடியைக் கூப்பிடுவேன். விற்கப் போகிற சட்டியிலேயே எல்லாருமாகச் சமைத்துச் சாப்பிடுவோம். வேண்டியவர்கள் வாங்குவார்கள், மற்றவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு போவார்கள். இதைக் கேள்விப்பட்டு இலஞ்சி, தென்காசி, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை என்று பல ஊரிலிருந்தும் பெண்கள் போன் போடுகிறார்கள். ஊர்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வாய்ச்சொல்லிலேயே இங்கே எழுதிவைக்கிறேன்.

"ஜோடி சமையல் பார்ட்டின்னா என்னக்கா? கம்பெனிக்காரன் வந்து காட்டுத டெமோதானே?"

இல்லை. டெமோவில் ஒருத்தர் சமைப்பார், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். இங்கே கரண்டி வந்தவர்கள் கையில் இருக்கும். நான் உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதோடு சரி.

வீட்டில் கூட்டம் சேர்த்து விற்பது புதுசு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் டப்பர்வேர் டப்பாக்களை 1951-ல் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டு, வீட்டுப் பார்ட்டிகளில் மட்டும் விற்க ஆரம்பித்தார்கள். பிரவுனி வைஸ் என்ற பெண் அதற்கு முன்பே அப்படி விற்றுக் காட்டியிருந்தார். அந்தக் கம்பெனி 1996-ல் இந்தியாவுக்கு வந்தபோது நம் பக்கமும் அந்தப் பழக்கம் பரவியது. ஆனால் டப்பாவை மூடித் திறந்து பார்த்தாலே வாங்கலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். சட்டி அப்படி இல்லை, அடுப்பில் ஏற்றினால்தான் தெரியும். அதனால்தான் சமையல்.

"பொம்பளையாளுகளை மட்டும் கூப்பிட்டா பத்தாதா? ஆம்பளைக எதுக்கு?"

முந்நூறு ரூபாய் கரண்டிக்குப் பத்தும். மூவாயிரத்தைத் தாண்டினால் வருகிற பதில் ஒன்றுதான்: "அவுககிட்ட கேட்டுச் சொல்லுதேன்." அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போது சட்டி இருக்காது, அதன் விலை மட்டும்தான் இருக்கும். அந்த மனுஷன் சட்டியைத் தூக்கிப் பார்த்ததில்லை, அதில் சாப்பிட்டதில்லை. "நம்ம வீட்ல ஏனத்துக்கா பஞ்சம்?" என்பார். பேச்சு அதோடு முடிந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்திருந்தால் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது ரெண்டு பேர் முடிவாக இருக்கும்.

ஆனால் ஒன்று. ஜோடியாகக் கூப்பிட்டு மடக்கிவிடலாம் என்று நினைத்தால் இதைத் தொடங்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி முன்னால் மறுக்கக் கூச்சப்பட்டு, முகதாட்சண்யத்துக்காக வாங்கினவர்கள் மறுநாள் பூக்கடையில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். முதல் வருஷம் எனக்கு அப்படி மூன்று குடும்பம் போயிற்று. செங்கோட்டை எவ்வளவு பெரிய ஊர்? இனி கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இந்த ஒரு பயத்திலிருந்து வந்தது.

"எத்தனை ஜோடி கூப்பிடலாம்?"

நாலு. உங்கள் அடுக்களையில் எத்தனை பேர் முழங்கை இடிக்காமல் நிற்கலாமோ அவ்வளவுதான். ஹாலில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க இடம் இருந்தால் ஐந்து.

"எங்க வீட்டுக்காரரு அடுக்களைப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டாக. இதுல கரண்டி எங்க பிடிக்க?"

'சமையல்' என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். "சொதி வைக்கோம், சாப்பிட வாங்க அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். சொதி தேங்காய்ப்பால் குழம்புதானே, வந்தபிறகு தேங்காய் உடைத்துத் தரச் சொல்லுங்கள். உடைத்தவர் துருவுவார், துருவினவர் பால் பிழிவார். கல்யாண வீட்டில் சமைக்க வருகிற தவசிப்பிள்ளையோடு நின்று பழகின ஆட்கள் நம் ஊரில் ஏராளம், வீட்டு அடுப்புதான் அவர்களுக்கு வெட்கம்.

முதல் பார்ட்டியில் ஆம்பளைகளுக்கெல்லாம் ஒரு வேலை, பொம்பளைகளுக்கெல்லாம் ஒரு வேலை என்று பிரித்துவிட்டேன். அஞ்சு நிமிஷத்தில் இந்தப் பக்கம் ரப்பர் விலை, அந்தப் பக்கம் சீட்டுக்காசு. சட்டியை யாரும் பார்க்கவில்லை. அதிலிருந்து ஒரு ஜோடிக்கு ஒரு வேலைதான். எதையும் தொடமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற வயசான மாமாவுக்கு உப்புப் பார்க்கிற வேலை. அதை யாரும் மறுத்ததில்லை.

"என்ன சமைக்க? பிரியாணி போட்டா ஆள் கூடுமே?"

ஆள் கூடும், சட்டி விற்காது. தம் போட்டு மூடினபிறகு பார்க்க என்ன இருக்கிறது? நான் எப்போதும் வைப்பது சொதியும் ஆப்பமும். திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு போடுவது வழக்கம், அதனால் நம் ஆட்களுக்கு வயிறு தெரியும். மலை தாண்டி வருகிற சேச்சிகளுக்கோ அது அவர்கள் இஸ்டூவுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. "இது எங்களோடதாக்கும்" என்று ஒரு சண்டை வரும், நல்ல சண்டை.

சொதியை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. தேங்காயில் மூன்று பால் எடுக்கிறோம். மூன்றாம் பாலில் காய் வேகும். வெந்த பாசிப்பருப்பும் ரெண்டாம் பாலும் அடுத்துச் சேரும். முதல் பால் கடைசியில், தீயைக் குறைத்துவிட்டு. அது கொதித்தால் திரிந்துவிடும். மெல்லிசான சட்டியில் நடுவில் அமைதியாக இருக்கும்போதே சுடர் படுகிற இடத்தில் கொதித்துவிடும், பருப்பும் அடியில் பிடிக்கும். டிரைப்ளை சட்டியில் ரெண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவே அலுமினியம் இருக்கிறது. அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் சூடு சட்டி முழுக்கப் பரவும், ஓரத்தில் மெல்ல ஆவி மட்டும் கிளம்பும். இதை நான் வாயால் சொல்வதே இல்லை. கிண்டுகிறவருக்கே கை சொல்லிவிடும்.

ஆப்பத்துக்கு வார்ப்பிரும்புச் சட்டி. ஒருத்தர் மாவை ஊற்றிச் சுழற்ற, மற்றவர் மூடி போட்டு எடுக்க வேண்டும், அதனால் ஜோடிக்கென்றே பிறந்த பலகாரம். கேரளத்துக்காரர்கள் கள்ளு விட்டு மாவைப் புளிக்க வைப்பார்கள். இந்தப் பக்கம் கள்ளுக்குத் தடை, நமக்கு இளநீர்தான், குளிர் காலமென்றால் துளி ஈஸ்ட். கூட இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். நாலு ஜோடி, கூட வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் பெரிய தேங்காயாக நாலு வாங்குங்கள்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கையில தோசை ஒட்டிக்கிட்டா மானம் போயிருமே?"

போயிற்று. ரெண்டாவது பார்ட்டியில், புது எவர்சில்வர் டிரைப்ளை தவாவில், பன்னிரண்டு கண் பார்க்க, நான் ஊற்றின முதல் தோசை சுரண்டச் சுரண்ட வந்தது. "எண்ணெய் பத்தல" என்று சமாளித்தேன். ரெண்டாவதும் அப்படியே. ஒரு மதினி எழுந்து போய்த் தன் வீட்டிலிருந்து முப்பது வருஷத்துக் கல்லை எடுத்து வந்தாள்.

எவர்சில்வரில் தோசை ஊற்றக் கூடாது என்பதுதான் பாடம். அது வதக்க, வறுக்க, குழம்பு வைக்க. அதிலும் சட்டி நன்றாகக் காய்ந்தபிறகுதான் எண்ணெய். தண்ணீரைத் தெளித்தால் உஸ் என்று ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும். அதுதான் பதம். தோசைக்கும் ஆப்பத்துக்கும் பழக்கின வார்ப்பிரும்புதான். புதுசை அப்படியே மேடைக்குக் கொண்டுவராதீர்கள். ரெண்டு மூன்று நாள் வடிகஞ்சி ஊற்றி ஊறவைத்து, கழுவி, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, வீட்டில் பத்துப் பதினைந்து ஆப்பம் ஊற்றிப் பழக்கின சட்டியைப் பார்ட்டிக்கு வையுங்கள். "இது பழக்கினது, உங்களுக்கு வருவது இப்படி இருக்காது, ரெண்டு வாரம் ஆகும்" என்றும் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விற்றதுதான் என் பாதித் தலைவலி.

"கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா?"

ரெண்டும். இண்டக்‌ஷன் 2,000 வாட் என்றால் ஒன்பது ஆம்ப்ஸ் கிட்ட இழுக்கும், சின்ன பிளக்கில் சொருகாதீர்கள். ஒரே லைனில் ரெண்டு அடுப்பும் வேண்டாம். ஒரு காந்தம் கையில் இருக்கட்டும். "எங்க சட்டி இதுல வேலை செய்யுமா" என்று கேட்டால் அடியில் ஒட்டிப் பார்த்தால் போதும்.

"கைக்காசு எவ்வளவு போகும்?"

தேங்காய் விலையைப் பொறுத்து எனக்கு ஒரு மாலைக்கு ஆயிரத்து இருநூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு. விருந்தாளிகளிடம் பங்கு கேட்காதீர்கள். பங்கு கொடுத்தவர்கள் வாங்கவேண்டியதில்லை என்று நினைப்பார்கள், கொடுக்காதவர்கள் வாங்கியே ஆகவேண்டும் என்று நினைப்பார்கள். ரெண்டும் கேடு.

"விலையை எப்பச் சொல்ல? முதல்லயே சொன்னா ஓடிருவாகளே?"

கூப்பிடும்போதே "ஏனம் விற்கிறேன், அதைக் காட்டத்தான் இந்தச் சாப்பாடு" என்று சொல்லிவிடுங்கள். அதை மறைத்துக் கூப்பிட்டால் பிறகு நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். விலை எழுதின தாளை மேஜையில் வைத்துவிடுங்கள். கேட்டால் சொல்லலாம், நீங்களாகக் கையில் திணிக்க வேண்டாம். பெட்டியில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது, அது சட்டம்.

சாப்பாடு முடிந்ததும் நான் ஆர்டர் எழுதுவதில்லை. "ராத்திரி ரெண்டு பேரும் பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவேன். எனக்குப் பயிற்சி கொடுத்த கம்பெனி ஆள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சூட்டோடு சூடாக மடக்க வேண்டுமாம். சூட்டோடு வாங்கினவை எத்தனை திரும்பி வந்தன என்பது அவருக்குத் தெரியாது, பெட்டியைச் சுமந்தவள் நான்.

"அங்கேயே புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை வந்தா என்ன செய்ய?"

வரும். அவள் ஆசைப்படுவாள், அவர் "போன மாசம்தானே மிக்ஸி வாங்கினோம்" என்பார். அந்த நேரம் நீங்கள் யார் பக்கமும் பேசக்கூடாது. "அண்ணன் சொல்லுததும் சரிதானே" என்றாலும் தப்பு, "மதினிக்கும் ஒரு ஆசை இருக்காதா" என்றாலும் தப்பு. நான் ஆப்பம் எடுக்கப் போய்விடுவேன். மறுநாள் வரை நேரம் கொடுப்பதில் இது ஒரு லாபம்.

வீட்டுக்குத் தெரியாமல், தவணையில் தருகிறேன் என்று தனியாக வந்து ரகசியமாகக் கேட்பவர்களும் உண்டு. நான் கொடுப்பதில்லை. ஜோடியாகக் கூப்பிட்டு உட்காரவைத்த வீட்டில் அது சரியாக வராது.

"நான்ஸ்டிக் விஷம், அலுமினியம் விஷம்னு சொன்னா நல்லா விக்கும்னு சொல்லுதாக. சொல்லலாமா?"

விற்கும். சொல்லாதீர்கள். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல் காயும்போதுதான் சிதைய ஆரம்பிக்கும். வெறும் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் அந்தச் சூடு வரும், சாதாரணச் சமையலில் வராது. பயப்பட்டது முக்கியமாகப் பிஎஃப்ஓஏ என்ற சேர்மானத்தைப் பற்றி. அதைப் பெரிய கம்பெனிகள் 2015-க்குள் கைவிட்டுவிட்டன. "பூச்சு உரியும், சில வருஷத்தில் மாற்றணும், இது மாற்ற வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மை, அதுவே போதும்.

இன்னொரு வித்தை உண்டு. விருந்தாளி வீட்டு அலுமினியச் சட்டியிலும் நம் சட்டியிலும் சோடா உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ரெண்டையும் குடித்துப் பார்க்கச் சொல்வார்கள். அலுமினியத் தண்ணீர் கசக்கும். "பாத்தீங்களா, இதைத்தான் தினமும் தின்னுதீங்க" என்பார்கள். சோடா உப்பு அலுமினியத்தோடு வினை செய்யும் என்பதால் வருகிற கசப்பு அது. தினம் சோடா உப்புத் தண்ணீரையா காய்ச்சிக் குடிக்கிறோம்? நேரடி விற்பனைக்கென்று 2021 டிசம்பரில் வந்த மத்திய அரசு விதிகளிலும், கம்பெனி அனுமதிக்காத எதையும் விற்கிறவர் சொல்லக்கூடாது என்று இருக்கிறது.

"குக்கரும் சேத்து வச்சு விக்கலாமா?"

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் மட்டும். வீட்டு பிரஷர் குக்கருக்கு அது கட்டாயம், ஐஎஸ் 2347 என்ற எண்ணைப் பெட்டியிலும் குக்கரிலும் பாருங்கள். முத்திரை இல்லாததை மலிவாகக் கொண்டுவந்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

"எனக்குக் கீழ நாலு பேரைச் சேத்துவிட்டா உக்காந்துகிட்டே காசு வரும்னு கம்பெனியில சொன்னாக. உண்மையா?"

சேர்க்கிற ஆளுக்காகக் காசு என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். மேலே சொன்ன 2021 விதிகள் பிரமிடு திட்டத்தைத் தடை செய்கின்றன. பண சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. சேர்வதற்குக் கட்டணம், டெமோ செட்டைக் கட்டாயம் வாங்கணும் என்ற நிபந்தனை இருந்தாலும் ஒதுங்குங்கள். விற்ற சட்டிக்குக் கமிஷன், அவ்வளவுதான் நேர்மையான கணக்கு.

அதே விதிகளில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒருத்தர் வீட்டுக்குப் போய் விற்பதானால் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கணும், அடையாள அட்டை வேணும். ஆர்டரை ரத்து செய்யவும் பொருளைத் திருப்பித் தரவும் உள்ள உரிமையை விற்கும்போதே சொல்லணும். நான் அதை விலைத்தாளின் பின்பக்கம் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைத்திருக்கிறேன்.

"ஆரியங்காவு, புனலூர் பக்கம் போயி நடத்தலாமா? பில்லுக்கு என்ன செய்ய?"

நடத்தலாம், நான் நடத்துகிறேன். கம்பெனி பெயரில் பில் போட்டு, உங்களுக்குக் கமிஷன் மட்டும் வருகிற ஏற்பாடானால் சிக்கல் இல்லை. நீங்களே வாங்கி வைத்து விற்கிறவர் என்றால் கவனம் வேண்டும். வருஷத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று நம் ஊர்க் கடைக்காரர்கள் சொல்வது மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கு. கேரள எல்லையான கோட்டைவாசலைத் தாண்டிப் பொருளை விற்றால் அந்த வரம்பு கிடையாது, முதல் சட்டிக்கே பதிவு வேண்டும். ஐம்பதாயிரத்துக்கு மேல் சரக்கு போனால் இ-வே பில்லும் வேண்டும். ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் மலையேறாதீர்கள். 2021-ல் ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6-ல் ஓட்டு. காரின் பின்சீட்டில் பத்துச் சட்டியும் மேலே சேலை போர்த்தியும் போனால் பறக்கும் படைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? வாக்காளருக்குப் பரிசு என்றுதான். பில்லைக் காட்டி, சட்டியைக் காட்டி, ஆப்பம் எப்படிச் சுழற்றுவது என்றுகூடச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எந்த மாசம் நல்லது?"

இந்தப் பக்கம் தீபாவளிக்கு முந்தின மாசமும் தை மாசமும். அந்தப் பக்கம் ஓணத்துக்கு முன்னால். ஆனால் நம் ஆடி அவர்களுக்குக் கர்க்கடகம், அதில் அந்தப் பக்கம் புதுசு வாங்க யோசிப்பார்கள். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் சனி ஞாயிறு ரோட்டில் நகர முடியாது, வீட்டில் விருந்தாளிகளும் நிரம்பியிருப்பார்கள், வார நாளாகப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் பாதி ஆம்பளைகள் மாலை போட்டிருப்பார்கள். வெளியில் சாப்பிடமாட்டார்கள், கூப்பிட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

"எம் மாப்பிள்ளை துபாய்ல இருக்காக. நான் தனியா வந்தா நல்லாருக்காதா?"

இதைக் கேட்டபிறகுதான் என் அழைப்பில் 'ஜோடியா' என்பதை 'ரெண்டு பேரா' என்று மாற்றினேன். ரெண்டு பேர் யாராகவும் இருக்கலாம். மாமியாரும் மருமகளும், அக்காவும் தங்கச்சியும், அம்மாவும் காலேஜ் போகிற பையனும். கணவர் இறந்துபோன ஒரு அக்கா தன் நாத்தனாரோடு வந்தாள், அன்றைக்கு நல்ல ஆப்பம் அவள் ஊற்றினதுதான். அழைக்கும்போது யோசிக்காமல் 'ஜோடி' என்று சொல்லி எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேனோ.

துபாய்க்காரரை வீடியோ காலில் கூப்பிடலாம். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், ஏழு மணிக்கு நாம் சாப்பிட உட்காரும்போது அவர்களுக்கு ஐந்தரை. ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டோம். சட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை அந்த மனுஷன், சொதியைத்தான் கிட்டே காட்டச் சொன்னார்.

"வாங்கின வார்ப்பிரும்புல துரு ஏறிட்டுன்னு சண்டைக்கு வாராக. என்ன சொல்ல?"

சண்டையை வாங்கிக்கொண்டு சட்டியையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ராத்திரி ஊறப்போட்டிருப்பார்கள், அல்லது அதில் புளிக்குழம்பு வைத்திருப்பார்கள். தேய்த்து, துருவை எடுத்து, தோசை பகுதியில் சொன்னபடி மறுபடி பழக்கிக் கொடுத்தால் கெட்டுப்போகாது. நான் ஒரு வாரம் என் வீட்டில் வைத்துப் பழக்கித் தருகிறேன், காசு கிடையாது. எவர்சில்வரில் வெள்ளைக் கறையோ வானவில் நிறமோ தெரிந்தால் கொஞ்சம் வினிகர் போதும்.

"இவ்வளவும் செஞ்சு ஒருத்தருமே வாங்கலைன்னா?"

அப்படி நாலைந்து மாலை எனக்குப் போயிருக்கிறது. போன சித்திரையில் ஐந்து ஜோடி வந்து, ஒரு ஆர்டர் இல்லை. சொதி மட்டும் பாதிச் சட்டி மிச்சம். போகும்போது மூன்று வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஏனத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். ஒருத்தி ஏத்தங்காய் சிப்ஸ் போட்டுக் கொண்டுவந்தாள், சட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. இன்னொருத்தி புருஷனையே அனுப்பியிருந்தாள். அவர் தூக்குச்சட்டி நிறைய முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்த ஆப்பச்சட்டி பழக்கினதாவே தருவீங்களா மதினி, நூறு இருநூறு கூட ஆனாலும் பரவாயில்ல" என்று கேட்டார். மூன்றாவது தூக்குச்சட்டி இன்னும் வரவில்லை.